ரைபிளுக்கு ஸ்கோப், பிஸ்டலுக்கு டார்ச்: வாங்குவது முதல் ஜீரோ செய்வது வரை

தென்னாப்பிரிக்காவில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். டர்பன் பக்கத்து ரேஞ்சுகளில் (சுடும் பயிற்சித் திடல்களில்) புதிதாக ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: வேலையின் வரிசை மாறிவிடுகிறது. ஸ்கோப்பை முதலில் வாங்கி, அதைத் துப்பாக்கியில் பிடித்து வைக்கும் மவுண்டைக் கடைசியில் தேடி, ஸ்க்ரூவை இறுக்காமலேயே சுட ஆரம்பித்து, பிறகு ஸ்கோப்பைக் குறை சொல்கிறார்கள். கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு பெட்டித் தோட்டாவில் வேலை முடியும். மாற்றிப் போனால் மூன்று பெட்டி தீர்ந்தும் ஜீரோ கிடைக்காது. ஜீரோ என்பது, குறுக்குக் கோட்டை வைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது.

1. என்ன வேலைக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தத் துப்பாக்கி, எவ்வளவு தூரம், எந்த வெளிச்சம்.

ஸூலுலாந்து முட்புதர்க் காட்டில் இம்பாலாவோ நியாலாவோ பார்ப்பவருக்குச் சுடும் தூரம் பெரும்பாலும் 50 முதல் 150 மீட்டர். கரூ என்ற வறண்ட திறந்த வெளியில் ஸ்ப்ரிங்பொக் மான் என்றால் 200 மீட்டரைத் தாண்டும். வீட்டுப் பாதுகாப்புக்கான பிஸ்டல் என்றால் தூரம் உங்கள் நடைக்கூடத்தின் நீளம், அவ்வளவுதான். மூன்றுக்கும் ஒரே பொருள் உதவாது. கரூவுக்கு ஏற்ற கனத்த ஸ்கோப்பைப் புதர்க்காட்டுக்குக் கொண்டு போனால், இருபது மீட்டரில் திடீரென்று எழுந்து ஓடும் விலங்கின் மயிர் மட்டும்தான் கண்ணாடியில் தெரியும்.

வீட்டுப் பிஸ்டலுக்கு டார்ச் முதல் தேவை. வேட்டை ரைபிளுக்கு ஸ்கோப் முதல் தேவை. லேசர் இரண்டிலும் கடைசி. காரணத்தை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

உரிமம், தகுதிச் சான்று, தென்னாப்பிரிக்கத் தர நிர்ணய அமைப்பின் (எஸ்ஏபிஎஸ்) 953 தரமுள்ள பெட்டகம் ஆகிய மூன்றும் ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். 2000-ம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் உரிமம் கேட்பது துப்பாக்கிக்குத்தான், ஸ்கோப்புக்கு இல்லை. அதனால் பலர் ரைபிள் உரிமம் வருவதற்குள் ஸ்கோப்பை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ரைபிளைக் கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்கிய ஸ்கோப் பாதி நேரம் உயரம் பொருந்தாது. உரிமம் வரட்டும், அப்புறம் வாங்குங்கள்.

அப்பாவின் ரைபிளிலோ மாமாவின் ரைபிளிலோ பழகுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். உரிமதாரர் உடனிருந்து நேரடியாக மேற்பார்வை செய்யும்போது மட்டுமே அடுத்தவர் அதைச் சுடலாம். "ஸ்கோப் மாட்டிக்கொண்டு வா" என்று மருமகனிடம் ரைபிளைத் தனியாகக் கொடுத்து அனுப்பக் கூடாது.

கருவிகள் அதிகம் வேண்டாம். முறுக்கு விசையை இஞ்ச்-பவுண்டில் காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவர், ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் பிட்டுகள், ஆல்கஹால், பழைய பருத்தித் துணி, சிறு மட்டப்பலகை, ஒரு தூக்குநூல், துப்பாக்கியை அசையாமல் பிடிக்க இரண்டு மணல் பைகள். டார்க் டிரைவர் கொஞ்சம் விலைதான், ஆனால் அதைத் தவிர்க்காதீர்கள். கை உணர்வை நம்பி இறுக்குபவர்கள் ஒன்று தளர விடுகிறார்கள், இல்லை ஸ்கோப்பின் குழாயை நசுக்குகிறார்கள்.

தோட்டா ஒரே பிராண்டு, ஒரே எடை, முடிந்தால் ஒரே லாட் (ஒரே தயாரிப்புத் தொகுதி). வேட்டையில் எதைச் சுடப் போகிறீர்களோ அதையே ஜீரோ செய்யவும் பயன்படுத்துங்கள். 150 கிரெயினில் (கிரெயின் என்பது தோட்டாவின் எடை அளவு) ஜீரோ செய்துவிட்டு 180 கிரெயினைக் கொண்டுபோய்ச் சுட்டால் அது வேறு இடத்தில் போய்த்தான் விழும்.

3. ஸ்கோப்பின் எண்களைப் படிப்பது

பெட்டியில் 3-9x40 என்று இருந்தால், உருப்பெருக்கம் 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை, முன் கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டர். புதியவர்களின் கண் முதலில் பெரிய உருப்பெருக்கத்தில்தான் போய் நிற்கிறது. நான் முதலில் பார்ப்பது சின்ன எண்ணை. புதர்க்காட்டில் உங்களைக் காப்பாற்றுவது அந்த 3 அல்லது 2. உருப்பெருக்கம் குறைந்தால் காட்சி அகலும், விலங்கு சட்டென்று கண்ணில் படும்.

விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40 மி.மீ. ஸ்கோப்பை 9 மடங்கில் வைத்தால் 4.4 மி.மீ., 4 மடங்கில் வைத்தால் 10 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி ஏறக்குறைய 7 மி.மீ. வரை விரியும், வயது ஏற ஏற அது குறையும். ஆக, பொழுது சாயும்போது படம் மங்கினால் வேறு ஸ்கோப் வாங்க ஓட வேண்டாம். உருப்பெருக்கத்தைக் குறையுங்கள், வெளிச்சம் திரும்பி வரும். இது தெரியாமல் பெரிய 56 மி.மீ. ஸ்கோப் வாங்கி, அதற்கு உயர்ந்த ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) போட்டு, கன்னம் பதிய இடமில்லாமல் கழுத்தை நீட்டிக்கொண்டு சுடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து ஐ ரிலீஃப், அதாவது கண்ணுக்கும் பின் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. .308, .30-06 ரைபிள்களுக்கு 9 சென்டிமீட்டராவது வேண்டும். .375 போன்ற கனமான உதைப்புக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். புருவத்தில் பிறை வடிவத் தழும்போடு ரேஞ்சில் யாரையாவது பார்த்தால் காரணம் கேட்கவே வேண்டாம்.

டரட் என்பது ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள சரிசெய்யும் திருகு, அது ஒரு படி நகர்வது ஒரு கிளிக். கிளிக் அளவு இரண்டு வகை, எம்ஓஏ, மில் என்ற இரண்டு கோண அளவுகளில். கால் எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு சுமார் 7 மி.மீ. நகரும். 0.1 மில் என்றால் அதே தூரத்தில் சரியாக 1 செ.மீ. நம் ஊரில் ரேஞ்சும் மீட்டரில், பண்ணைக்காரர் சொல்லும் தூரமும் மீட்டரில். அதனால் புதிதாக வாங்குபவர்களுக்கு மில் ஸ்கோப்பையே சொல்கிறேன், கணக்கு மனதிலேயே முடியும். ஆனால் கையில் ஏற்கனவே எம்ஓஏ ஸ்கோப் இருந்தால் மாற்றத் தேவையில்லை.

நடால் கடற்கரையில் இருப்பவர்கள் நைட்ரஜன் நிரப்பி மூடியதா, தண்ணீர் புகாததா என்று கேட்டு வாங்குங்கள். ஏசி அறையிலிருந்து வராண்டாவுக்கு எடுத்து வந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கம் பனிப்பது சாதாரணம், துடைத்தால் போய்விடும். உள்பக்கம் பனித்தால் அந்த ஸ்கோப்பின் மூடல் போய்விட்டது என்று பொருள்.

4. மவுண்ட்

பணம் குறைவாக இருந்தால் ஸ்கோப்பில் ஒரு படி இறங்குங்கள், மவுண்டில் இறங்காதீர்கள். சுமாரான ஸ்கோப் நல்ல மவுண்டில் வைத்த இடத்தில் நிற்கும். அருமையான ஸ்கோப் மோசமான மவுண்டில் ஒவ்வொரு உதைப்புக்கும் நகரும்.

மூன்று பொருத்தங்களைச் சரிபாருங்கள். ரிங்கின் உள்விட்டமும் ஸ்கோப் குழாயும் ஒன்றாக இருக்க வேண்டும்: 25.4 மி.மீ., 30 மி.மீ., 34 மி.மீ. மூன்றும் கடையில் கிடைக்கும். பேஸ் (ரைபிளின் மேல் திருகும் அடித்தட்டு) உங்கள் ரைபிளின் மாடலுக்கு உரியதா என்பது அடுத்தது. ரிங் உட்காரும் பள்ளங்கள் உள்ள ரெயிலின் வகை மூன்றாவது. பிக்கட்டினி ரெயிலின் பள்ளம் 5.2 மி.மீ. அகலம், வீவர் பள்ளம் அதைவிடக் குறுகல். வீவருக்குச் செய்த ரிங் பெரும்பாலும் பிக்கட்டினியில் உட்காரும், திருப்பி உட்காராது. .22 ரைபிள்களில் 11 மி.மீ. டவ்டெயில் இருந்தால் அதற்குத் தனி ரிங்.

பாட்டனார் காலத்து .303 லீ-என்ஃபீல்டு இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் ஸ்கோப்புக்கான துளையே கிடையாது. துளை போடாமல் மாட்டும் மவுண்டுகள் உண்டு. துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள். வீட்டு டிரில்லைக் கொண்டு போகாதீர்கள்.

5. பொருத்தும் வரிசை

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஒரு மாலை நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள்.

முதலில் மேகசினைக் கழற்றுங்கள், போல்ட்டை (பின்பக்கம் இழுத்துத் திறக்கும் பூட்டுத் தண்டை) எடுத்துவிடுங்கள், சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை) கண்ணாலும் விரலாலும் பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் பூட்டில் இருக்கட்டும். போல்ட் வெளியே இருந்தால் அடுத்து வரும் ஒவ்வொரு படியிலும் நிம்மதியாக வேலை செய்யலாம்.

பேஸையும் அதன் துளைகளையும் ஸ்க்ரூக்களையும் ஆல்கஹாலால் துடையுங்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கும். எண்ணெய் மேல் இறுக்கிய ஸ்க்ரூ, டார்க் டிரைவரில் சரியான அளவைக் காட்டிவிட்டு உதைப்பில் தளரும். பேஸ் ஸ்க்ரூவுக்கு நீல நிறத் திரவப் பூட்டு (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போடலாம். சிவப்பு வேண்டவே வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழற்ற முடியாது. முன் ஸ்க்ரூ நீளமாக இருந்து பாரல் மேல் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் இறுக்கமாகத் தெரியும், ஆனால் பேஸ் ஆடிக்கொண்டே இருக்கும்.

ரிங்கின் கீழ்ப்பாதிகளை ரெயிலில் வைத்து, முன்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். உதைப்பில் துப்பாக்கி பின்னால் போகும்போது கனத்த ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது துப்பாக்கியைப் பொறுத்தவரை முன்னால் நகரும். இப்போதே முன்னால் தள்ளி வைத்துவிட்டால் நகர இடமிருக்காது.

ஸ்கோப்பை வைத்து மேல் மூடிகளை லேசாக மாட்டுங்கள், ஸ்கோப் கையால் நகரும் அளவுக்கு. இப்போது கண் தூரம். உருப்பெருக்கத்தை உச்சத்தில் வையுங்கள், ஏனென்றால் அங்கேதான் கண்ணுக்கு இடம் மிகக் குறைவு. வேட்டைக்குப் போடும் அதே தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூலை மாத மிட்லண்ட்ஸ் (உள்நாட்டு மேட்டுப் பகுதி) குளிருக்குப் போடும் ஜாக்கெட் கட்டையைத் தோளிலிருந்து இரண்டு செ.மீ. தள்ளும், டர்பனில் டி-ஷர்ட்டோடு வைத்த அளவு அங்கே பொய்யாகும். கண்ணை மூடுங்கள், கட்டையைத் தோளில் ஏற்றுங்கள், கன்னத்தை இயல்பாகப் பதியுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். படம் ஓரம் வரை முழுதாகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கறுப்பாகப் பிறை வந்தால் ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள், உங்கள் தலையை நகர்த்தாதீர்கள். நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் பாருங்கள். படுக்கும்போது கண் ஸ்கோப்புக்கு நெருங்கும், அந்த நிலையிலும் புருவத்துக்கு இடம் இருக்க வேண்டும்.

அடுத்தது குறுக்குக் கோட்டின் சாய்வு. சுவரிலோ வெளி மரத்திலோ தூக்குநூலைத் தொங்க விடுங்கள். ரைபிளை மட்டப்பலகையால் மட்டமாக்கி, ஸ்கோப்பின் செங்குத்துக் கோடு நூலோடு ஒன்றும்வரை குழாயைச் சுழற்றுங்கள். 100 மீட்டரில் சிறு சாய்வு பெரிதாகத் தெரியாது. 300 மீட்டரில் தோட்டா பக்கவாட்டில் விலகும்போது காற்று என்று நினைப்பீர்கள்.

கடைசியாக மேல் மூடி ஸ்க்ரூக்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. குறுக்காக மாறி மாறி, கால் சுற்று கால் சுற்றாக. மூடிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் நீங்கள் நூல் பார்த்து வைத்த கோடு திரும்பிவிடும். ரிங் செய்தவர் கொடுத்த அளவே முதல் விதி. பெரும்பாலும் அது 15 முதல் 20 இஞ்ச்-பவுண்ட், அதாவது சுமார் 1.7 முதல் 2.3 நியூட்டன்-மீட்டருக்குள் இருக்கும். மேல் மூடிக்குத் திரவப் பூட்டு போடாதீர்கள். அது மசகு போல வேலை செய்து, டிரைவர் காட்டுவதைவிட அதிகமாகக் குழாயை நெரிக்கும்.

முடிந்ததும் போல்ட்டைப் போட்டுப் பாருங்கள். கைப்பிடி மேலே வரும்போது ஸ்கோப்பில் இடிக்கக் கூடாது. முன் கண்ணாடிக்கும் பாரலுக்கும் நடுவே ஒரு தாள் தாராளமாக நுழைய வேண்டும்.

6. சுடுவதற்கு முன் பாரல் வழியாகப் பார்ப்பது

ரேஞ்சில் ரைபிளை மணல் பையில் வைத்து, போல்ட்டை எடுத்துவிட்டு, பின்புறமிருந்து பாரல் துளை வழியாக 25 மீட்டர் இலக்கைப் பாருங்கள். இலக்கின் கறுப்பு வட்டம் துளையின் நடுவில் வந்ததும் ரைபிளை அசைக்காமல், குறுக்குக் கோடு அதே வட்டத்துக்கு வரும்வரை டரட்டைத் திருப்புங்கள். இதனால் முதல் தோட்டா பெரும்பாலும் தாளில் விழும். இதைச் செய்யாமல் நேராக 100 மீட்டருக்குப் போய், தாளே தொடாத பத்துத் தோட்டாவைச் செலவழிப்பதுதான் நான் மிக அதிகமாகப் பார்க்கும் வீண் செலவு.

தோட்டா வடிவ லேசர் கருவியைச் சேம்பரிலோ, குச்சி வடிவ லேசரை பாரல் முனையிலோ வைத்தும் இதைச் செய்யலாம். ஆனால் உண்மையான தோட்டா கைக்கு வரும் முன் அந்தக் கருவி பெட்டியில் போய்விட்டதா என்பதை உரக்கச் சொல்லி உறுதி செய்யுங்கள். அடைபட்ட பாரலில் சுட்டால் பாரல் வெடிக்கும்.

7. ஜீரோ: 25-லிருந்து 100-க்கு

காற்று குறைந்த காலை நேரம் நல்லது. காது மூடி, கண் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். முன் கட்டையைப் பையில் வையுங்கள், பாரலை வைக்காதீர்கள். பாரல் பையைத் தொட்டால் அது துடிக்கும் விதம் மாறி, தோட்டா வேறு இடம் போகும்.

25 மீட்டரில் மூன்று தோட்டா. மூன்றும் சுட்டு முடிக்கும் வரை டரட்டைத் தொடாதீர்கள். ஒரு தோட்டாவைப் பார்த்ததும் திருப்புபவர்கள் தங்கள் கை நடுக்கத்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள், ஸ்கோப்பைச் சரி செய்யவில்லை. மூன்றின் நடுப்புள்ளியை எடுத்து அங்கிருந்து அளவுநாடாவால் அளந்து பாருங்கள்.

இங்கே ஒரு கணக்கு. தூரம் கால் பங்கானால் ஒரு கிளிக்கின் நகர்வும் கால் பங்காகும். கால் எம்ஓஏ ஸ்கோப் 25 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 1.8 மி.மீ.தான் நகர்த்தும், 0.1 மில் 2.5 மி.மீ. நகர்த்தும். உதாரணமாக மூன்று தோட்டாவின் நடு 5 செ.மீ. இடப்புறம், 7.5 செ.மீ. கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்ஓஏ ஸ்கோப்பில் வலப்புறம் 28 கிளிக். உயரத்துக்கு முழு 7.5-ஐயும் ஏற்ற வேண்டாம், 5.5 மட்டும் ஏற்றுங்கள், அதாவது 30 கிளிக். மீதி 2 செ.மீ. கீழேயே இருக்கட்டும். ஸ்கோப் பாரலுக்கு மேலே 4, 5 செ.மீ. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் தோட்டா கீழிருந்து பார்வைக் கோட்டை நோக்கி ஏறி வருகிறது. .308 வகை ரைபிளில் 25 மீட்டரில் சுமார் 2 செ.மீ. கீழே விழுந்தால் 100 மீட்டரில் ஏறக்குறைய நடுவில் இருக்கும்.

டரட்டில் உள்ள அம்பு தோட்டா போக வேண்டிய திசையைக் காட்டுகிறது. தோட்டா கீழே விழுந்தால் "மேல்" என்ற பக்கம் திருப்ப வேண்டும். குறுக்குக் கோடு எந்தப் பக்கம் நகரும் என்று யோசிக்க ஆரம்பித்தால் குழப்பம்தான்.

இன்னொரு மூன்று தோட்டா போட்டு உறுதி செய்துவிட்டு 100 மீட்டருக்குப் போங்கள். மெல்லிய வேட்டை பாரல் மூன்று தோட்டாவிலேயே சூடாகும். சூடானால் குரூப் (தோட்டாக்கள் விழுந்த துளைகளின் கூட்டம்) விரியும், சில பாரல்களில் மேலே ஏறும். நிழலில் போல்ட்டைத் திறந்து வைத்து, கையால் தொட்டுப் பிடிக்க முடியும் வரை காத்திருங்கள். வேட்டையில் நீங்கள் சுடும் முதல் தோட்டா குளிர்ந்த பாரலிலிருந்துதான் போகப்போகிறது, ஆகவே குளிர்ந்த பாரல் காட்டும் இடமே உங்கள் உண்மையான ஜீரோ.

100 மீட்டரில் மூன்று தோட்டாவின் நடு 3 செ.மீ. வலப்புறம் என்றால் எம்ஓஏ ஸ்கோப்பில் 4 கிளிக், மில் ஸ்கோப்பில் 3 கிளிக். புதர்க்காட்டு வேட்டைக்கு 100 மீட்டரில் நடு என்றே விட்டுவிடலாம். திறந்த வெளியில் 200 மீட்டர் வரை போகப்போகிறவர்கள் 100 மீட்டரில் 4, 5 செ.மீ. மேலே வைத்து, 200-ல் உண்மையில் சுட்டும் பாருங்கள்.

குரூப் விரிந்து விரிந்து வந்தால் என்ன செய்வது? ரேஞ்சில் ஒரு பையன், "மாமா, ஸ்கோப் போச்சு, திருப்பிக் கொடுக்கணும்" என்று வந்து நின்றான். "முதல்ல ஸ்க்ரூவைப் பாருப்பா" என்றேன். முன் ரிங்கின் மேல் மூடியில் நான்கில் இரண்டு விரலாலேயே சுழன்றன. ஸ்க்ரூக்கள், பிறகு கட்டையை ஆக்ஷனோடு (போல்ட் ஓடும் உலோகப் பகுதியோடு) பிடிக்கும் திருகுகள், பிறகு தோட்டா, பிறகு சுடுபவரின் விசை இழுப்பு. இந்த நான்கும் சரி என்று தெரிந்த பிறகே ஸ்கோப்பைச் சந்தேகப்படுங்கள்.

முடிந்ததும் டரட் மூடியைத் திருகி மூடி, தூரம், தோட்டா, தேதி ஆகியவற்றை எழுதிப் பெட்டகத்துக்குள் ஒட்டிவிடுங்கள்.

8. ரெட் டாட்

உருப்பெருக்கம் இல்லாத கண்ணாடியில் ஒளிரும் சிவப்புப் புள்ளியால் குறி பார்க்கும் கருவி இது. இரண்டு கண்ணும் திறந்து சுடலாம், கண்ணை ஒரே தூரத்தில் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2 எம்ஓஏ புள்ளி 100 மீட்டரில் 6 செ.மீ. இடத்தை மறைக்கும், 25 மீட்டரில் ஒன்றரை செ.மீ. பிஸ்டலுக்கு 3 முதல் 6 எம்ஓஏ வேகமாகக் கண்ணில் படும்.

வாங்கும் முன் புள்ளியைப் பாருங்கள். உருண்டையாக இல்லாமல் சிதறித் தெரிந்தால் அதே புள்ளியைப் போனில் படம் எடுங்கள். படத்தில் உருண்டையாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில், பெரும்பாலும் சிதறல் பார்வை. கண் மருத்துவரிடம் போங்கள், கடைக்காரரோடு சண்டை வேண்டாம்.

புள்ளியின் வெளிச்சத்தை உச்சத்தில் வைப்பது பொதுவான தவறு. ஒளிரும் புள்ளி இலக்கையே விழுங்கிவிடும். இலக்கின் மேல் தெளிவாகத் தெரியும் மிகக் குறைந்த வெளிச்சமே போதும்.

9. டார்ச்

இதில் என் கருத்து உறுதியானது: முதலில் கையில் பிடிக்கும் டார்ச், அது பழகிய பிறகே பிஸ்டலில் மாட்டும் டார்ச்.

பிஸ்டலில் மாட்டிய டார்ச் எங்கே ஒளி காட்டுகிறதோ அங்கே பாரலும் காட்டுகிறது. இரவில் சமையலறையில் சத்தம் கேட்டதும் அதை வைத்துத் தேடப் போனால், தண்ணீர் குடிக்க எழுந்த மகளையோ பாட்டியையோ நோக்கித் துப்பாக்கியை நீட்டுகிறீர்கள். யார் என்று தெரியாத ஒருவரை நோக்கி நீட்டுவதே அடிப்படை விதியை மீறுவது. தேடுவதற்குக் கை டார்ச். மாட்டிய டார்ச், துப்பாக்கியை எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தபின் எதிரே இருப்பவர் யார், கையில் என்ன என்று உறுதி செய்ய.

லோட்ஷெடிங் (மின்வெட்டு) இரவுகளில் எல்லா வீட்டிலும் டார்ச் கைக்கு எட்டும் இடத்தில் இருந்திருக்கும். அதே பழக்கத்தைத் தொடருங்கள். துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, விளக்குகளை அணைத்து, டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். அலமாரிக் கண்ணாடி, சறுக்குக் கதவு, வெள்ளைச் சுவர் ஆகியவற்றில் ஒளி திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும். எந்த மூலையில் அப்படி ஆகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கெல்லாம் ஒளியைக் கூரையிலோ தரையிலோ அடித்தால் அறை முழுவதும் மென்மையாக வெளிச்சம் பரவும், ஆளின் முகமும் தெரியும்.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது லூமென், அதாவது மொத்த ஒளி. கேண்டெலா என்பது நடுக் கற்றையின் செறிவு, எவ்வளவு தூரம் பாயும் என்பதைச் சொல்வது. வீட்டுக்குள் அகலமான கற்றையும் ஐந்நூறு லூமெனுக்கு மேலும் இருந்தால் போதும். பண்ணை முற்றத்துக்குக் கேண்டெலா அதிகமுள்ளது வேண்டும்.

பொத்தானை விசையிழுக்கும் கையின் ஆள்காட்டி விரலால் இயக்காதீர்கள். பதற்றத்தில் ஒரு விரல் அழுத்தினால் பக்கத்து விரலும் சேர்ந்து அழுத்தும். அந்த விரல் விசைக்கு வெளியே நேராக நீண்டிருக்கட்டும், டார்ச்சை மற்றக் கையின் பெருவிரல் பார்த்துக்கொள்ளும். அழுத்தும்வரை மட்டும் எரியும் அமைப்பைப் பழகுங்கள்.

டார்ச் மாட்டினால் பழைய ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) பொருந்தாது. விசைக் காப்பை முழுதாக மூடும், அதே மாடல் டார்ச்சுக்கென்று செய்த ஹோல்ஸ்டரே வேண்டும். சிஆர்123 பேட்டரிகளில் பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள், சூடாகி வெடிக்கக்கூடும்.

கரும்புத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறுகிறது என்று ரைபிளில் டார்ச் மாட்டிப் புறப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: இரவில் செயற்கை ஒளியில் வேட்டையாட மாகாண அனுமதி தேவை. க்வாஸூலு-நடாலில் எசெம்வேலோ என்ற மாகாண வனவிலங்கு அமைப்பிடம் முதலில் கேளுங்கள், அப்புறம் டார்ச் வாங்குங்கள்.

10. லேசர்

லேசர் நேர்கோட்டில் போகும், தோட்டா வளைந்து விழும். இரண்டும் ஒரே ஒரு தூரத்தில்தான் சரியாகச் சந்திக்கும். பாரலுக்கு 3 செ.மீ. கீழே மாட்டிய லேசரை 10 மீட்டரில் ஜீரோ செய்தால், 20 மீட்டரில் தோட்டா புள்ளிக்குச் சுமார் 3 செ.மீ. கீழே விழும். வீட்டுத் தூரத்துக்கு அது பரவாயில்லை, அதற்கு மேல் நம்பாதீர்கள்.

பகலில் பச்சை நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கும். இரண்டுமே கண்ணுக்கு ஆபத்து. குழந்தைகள் கையில் விளையாட்டாகக் கூடக் கொடுக்க வேண்டாம். வானத்தை நோக்கி அடிப்பதும் கூடாது. டோங்காட், வெருலம் பக்கம் கிங் ஷாகா விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் தலைக்கு மேலேயே போகின்றன. விமானி மேல் லேசர் படுவது குற்றம்.

புதியவர்கள் லேசர் புள்ளியைத் தேடுவதிலேயே கண்ணை வைத்திருப்பார்கள், இலக்கைப் பார்ப்பதில்லை. சாதாரண முன்சைட்டில் பழகி முடிக்கும் வரை லேசரை வாங்க வேண்டாம் என்றே எல்லாரிடமும் சொல்கிறேன். ஒரு பயன் உண்மையில் உண்டு: தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, பாதுகாப்பான சுவரை நோக்கி வெறும் விசை இழுத்துப் பயிற்சி செய்யும்போது, புள்ளி எப்படித் துள்ளுகிறது என்பது விசை இழுப்பின் குறையைக் காட்டிக் கொடுக்கும்.

11. பண்ணைக்குப் போய்ச் சேர்ந்ததும்

டர்பனிலிருந்து உள்நாட்டுப் பண்ணைக்குப் போகிறீர்கள். கடைசி முப்பது கிலோமீட்டர் மண் சாலை, பக்கி (பிக்கப் வண்டி) குலுங்கிக்கொண்டே போகிறது. கடல் மட்டத்தில் ஜீரோ செய்த ரைபிள் இப்போது ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில். உயரத்தால் வரும் மாற்றம் 100 மீட்டரில் கண்டுபிடிக்க முடியாத அளவு, 300-ல் தெரியலாம். குலுக்கலால் வருவதுதான் பெரிது. அதனால்தான் பண்ணைக்காரர்கள் வேட்டைக்கு முன் ஒரு சோதனைத் தோட்டா சுடச் சொல்கிறார்கள். அவர் சொல்லாவிட்டாலும் நீங்களே கேளுங்கள்.

குளிர்ந்த பாரலில் ஒன்று சுடுங்கள். 3 செ.மீ.க்குள் இருந்தால் எதையும் தொடாமல் கிளம்புங்கள். அதைவிட விலகினால் இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்தில் விலகியிருந்தால் ரிங், பேஸ் ஸ்க்ரூக்களை டார்க் டிரைவரால் சரிபார்த்துவிட்டு, மூன்று தோட்டா குரூப் எடுத்து, பிறகே டரட்டைத் திருப்புங்கள். இரண்டும் இரண்டு இடத்தில் விழுந்தால் ஏதோ ஆடுகிறது. அது எது என்று கண்டுபிடிக்கும்வரை அந்த ரைபிளோடு வேட்டைக்குப் போகாதீர்கள், அன்றைக்கு வேறொருவர் ரைபிளை அவர் மேற்பார்வையில் கேட்டு வாங்கிச் சுடுங்கள்.

விடியற்காலைக் குளிரில் பின் கண்ணாடியின் மேல் மூச்சு விடாதீர்கள், சுட வேண்டிய நேரத்தில் வெள்ளையாகப் பனித்து நிற்கும். தூசியை முதலில் தூரிகையால் தட்டி, அதன் பிறகே துணியால் துடையுங்கள். மண் துகளோடு தேய்த்தால் பூச்சு கீறும். திரும்பி வந்ததும் கடற்கரைக்காரர்கள் ரிங், பேஸ், ஸ்க்ரூ தலைகள் மேல் எண்ணெய் தோய்ந்த துணியை ஒருமுறை ஓட்டுங்கள். பேட்டரி உள்ள பொருளானால் அதை அணைத்துவிட்டு, பெட்டகத்தில் வைக்கும் முன் சேம்பரை இன்னொரு முறை பாருங்கள்.